துட்டி வீட்டில் இருபது பேர்

குறிச்சிபுரத்தில் கம்ப்யூட்டர் வழியாகத் துட்டிக்கு வந்து உட்கார்ந்த முதல் ஆள், ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் இசக்கிராஜா. அவன் பெரியப்பா செத்துக் கிடந்த அன்று காலை பத்து மணிக்கு, நான் எழுதி வைத்திருந்த பக்கத்தை அவன் தன் அறையில் திறந்தான். திறந்த அதே நிமிடத்தில் எங்கள் கீழத்தெருப் பந்தலின் இரண்டாம் வரிசையில், அதுவரை காலியாகக் கிடந்த நீல நாற்காலியில், கம்பெனிச் சட்டையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாக, முழங்கால்களில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்து, "ஏல, எப்ப வந்த?" என்றார். பதில் வரவில்லை. துக்கத்தில் இருக்கிறான், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அவர் தினத்தாளுக்குத் திரும்பிவிட்டார்.

சாவு நடந்த வீட்டை எங்கள் பக்கத்தில் துட்டி வீடு என்போம். அங்கே போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவதற்குத் துட்டி கேட்பது என்று பெயர். பெயர்தான் கேட்பது, யாரும் எதையும் கேட்பதில்லை, உட்கார்ந்திருப்பதுதான் காரியம். அப்படி உட்கார ஆள் இல்லாமல் போய்க்கொண்டிருந்த ஊர் எங்களுடையது. வீட்டுக்கு ஒருவர் இருவர் என்று பாலைவனத்துக்கும் பனி பெய்யும் தேசங்களுக்கும் கப்பலுக்கும் போய்விட்டார்கள். நான் பஸ் நிலையத்துக்கு எதிரே பதினெட்டு வருஷம் பிரவுசிங் சென்டர் நடத்தியவன். எல்லார் கைக்கும் போன் வந்தபிறகு கடையை மூடிவிட்டு, வீட்டுக் கூடத்தில் ஒரு மேசையைப் போட்டு, அரிசி ஆலைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வலைத்தளம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கடை போனாலும் பெயர் போகவில்லை. ஊருக்கு நான் இன்றும் பிரவுசிங் அண்ணாச்சிதான்.

வெளியூரில் இருப்பவர்கள் துட்டி கேட்க ஒரு பக்கம் இருந்தால் என்ன என்று தோன்றி அதைச் செய்தேன். இறந்தவர் படம், பெயர், வயது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற விவரம், அவ்வளவுதான். உள்ளே வந்தவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம், அவராகக் கிளம்புகிறவரை கதவு அவருக்காகத் திறந்தே இருக்கும் என்று புரோகிராம் எழுதினேன். தனிக் கம்ப்யூட்டர் எடுத்து அதில் தளத்தை வைக்க எனக்கு வசதியில்லை. எங்கோ ஓர் ஊரில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றில் ஒண்டுக்குடித்தனம்: முட்டை விலை சொல்லும் தளம் ஒரு பக்கம், ஒரு பல் டாக்டர் ஒரு பக்கம், வரன் பார்க்கும் தளம் ஒரு பக்கம், நடுவில் எங்கள் ஊர்ச் சாவுகள். ஒரே குழாயை எல்லாரும் திறப்பதால் ஒவ்வொருவருக்கும் ஓர் அளவு உண்டு. எனக்கு இவ்வளவு நினைவகம், இவ்வளவு வேகம், ஒரே நேரத்தில் வாசலுக்குள் இருபது பேர்.

உள்ளே வருகிறவர் உண்மையாகவே வந்துவிடுவார் என்று நான் எழுதவில்லை. அது அப்படி ஆயிற்று.

ஊர் அதிசயப்பட்டது என்று சொல்ல முடியாது; ஊருக்கு வேறு கவலைகள் இருந்தன. வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பதா வேண்டாமா என்பது முதல் கவலை. சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் சமைத்து ஓய்வு பெற்ற உலகம்மாள்தான் அதைத் தீர்த்துவைத்தாள். "வந்த ஆளு முன்னால டம்ளர வைங்கட்டீ. குடிச்சா குடிக்கான், குடிக்காட்டி ஆறிப்போவுது. வைக்காம இருந்தா நாளைக்குப் பேச்சு வந்துரும்" என்றாள். அதிலிருந்து வைத்தார்கள், ஆறியது, எடுத்துக் கொட்டினார்கள். அடுத்த கவலை தீட்டு. இங்கே வந்து உட்கார்ந்துவிட்டு அங்கே குளிக்காமல் சோற்றில் கை வைத்தால் ஆகுமா என்று கேள்வி எழுந்து, தலைக்குக் குளிக்க வேண்டும் என்று முடிவாகி, ஷார்ஜாவில் ஒரே அறையில் பன்னிரண்டு பேர் தங்கியிருந்த இடத்தில் வேலைக்குப் போகும் நேரத்தில் குளியலறை முன்னால் சண்டை வந்ததாகக் கேள்விப்பட்டோம். பந்தல்காரர் பரமசிவம் கடைசியில் ஒரு வரிசை கூடுதலாகப் போட்டு அதற்குப் பாரின் வரிசை என்று பெயர் வைத்தார். டொரோண்டோவிலிருந்து வந்த ஒருத்தியின் கோட்டில் பனி இருந்தது. மாசி வெயிலில் அது உருகாமல் இருப்பதைப் பிள்ளைகள் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், ஒரு கிழவர் மட்டும் சத்தம் போட்டு விரட்டினார்.

முகமில்லாதவர்களும் வந்தார்கள். உலகத்தில் உள்ள பக்கங்களையெல்லாம் படித்துக் குறித்துக்கொண்டு போகிற தேடுபொறிகளின் ஆட்கள் அவர்கள். வருவார்கள், படத்தைப் பார்ப்பார்கள், வயதைப் பார்ப்பார்கள், பந்தல்கால்களைக்கூட எண்ணிக்கொள்வார்கள், அரை நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள். பெண்களுக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. "அழுத மூஞ்சியா இல்லாட்டி போவுது, ஒரு மூஞ்சியாவது வேண்டாமா" என்றார்கள். நான் அவர்கள் வராதபடி வாசலில் ஒரு குறிப்பு எழுதிப் போட்டேன். நின்றுவிட்டார்கள்.

மற்றவர்கள் போகவில்லை. பிணத்தை எடுத்து, வீட்டைக் கழுவி, பந்தலைப் பிரித்து, நாற்காலிகளை வண்டியில் ஏற்றும்போது இசக்கிராஜாவின் நாற்காலி மட்டும் வரவில்லை. பரமசிவம் இழுத்துப் பார்த்தார், இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தார்கள், ஒரு மரத்தை இழுப்பதுபோல் இருந்தது, போனால் போகிறது என்று விட்டுவிட்டுப் போனார். அடுத்த வீட்டிலும் அப்படி, அதற்கடுத்த வீட்டிலும் அப்படி. வெயில் ஏறியபோது, வீட்டு நிழலுக்குள் என்றால் மட்டும் நாற்காலியோடு லேசாக நகர்ந்து வந்தார்கள். பத்து மாதத்தில் ஏழு சாவு விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர், மூன்று பேர் என்று வந்தவர்கள் அந்தந்த வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். தோய்த்துத் தோய்த்து நைந்த துணிபோலக் கொஞ்சம் வெளுத்தார்களே தவிர எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரர்கள் அவர்கள்மேல் படிந்த தூசியைத் துடைத்தார்கள். பிள்ளைகள் அவர்கள் காலடியில் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்தார்கள். ஒரு வீட்டில் பூனை மடியைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு வீட்டில் மாமியார் ஒருத்தி, மஸ்கட்டில் இருக்கும் மருமகனிடம் போனில் ஒரு நாளும் பேசாதவள், கூடத்தில் இருக்கும் அதே மருமகனிடம் தினமும் மத்தியானம் தன் வயிற்றுவலியைச் சொல்ல ஆரம்பித்தாள். ஊரில் எத்தனை வீட்டில் எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்று யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டிப் பார்க்க வேண்டியவன் நான். நானும் பார்க்கவில்லை.

ஏனென்றால் என் வீட்டிலும் ஒருத்தி இருந்தாள்.

புரட்டாசியில் என் மனைவி ராமலெட்சுமி இறந்தாள். மகள் மங்கை டப்ளினில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விமானம் கிடைக்கவில்லை, விடுப்பும் கிடைக்கவில்லை, கிடைத்திருந்தாலும் மறுநாள்தான் வந்து சேர்ந்திருப்பாள். பக்கத்தைத் திறந்தாள். கூடத்தில் அவள் அம்மா தலைமாட்டில், கரும்பச்சை நிற ஆஸ்பத்திரி உடுப்போடு, மார்பில் தலைகீழாகக் குத்திய சிறிய கடிகாரத்தோடு, ஈரக் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் போகவில்லை. காரியம் முடிந்தும் போகவில்லை. நான் மேசையில் வேலை செய்வேன். எதிரே அவள் இருப்பாள். சோறு பொங்கும்போது உப்புப் போட்டேனா இல்லையா என்று சத்தமாகக் கேட்பேன். வாரம் ஒருமுறை டப்ளினிலிருந்து போன் வரும், சாப்பிட்டீங்களா என்று அவள் கேட்பாள், சாப்பிட்டேன், நீ சாப்பிட்டாயா என்று நான் கேட்பேன், வைத்துவிடுவோம். வைத்தபிறகு எதிரே இருப்பவளைப் பார்ப்பேன். அவள் ஏன் போகவில்லை என்று கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. என் தொழிலே அதுதான். யாருடைய தளம் எதனால் நின்றது என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. அதற்கு ஒரு மணி நேரம் போதும். எட்டு மாதமாக அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை.

வைகாசியில் ஒருநாள் விடியற்காலை உலகம்மாள் இறந்தாள். பக்கத்தைப் போட்டேன், படத்தைப் போட்டேன், நாலு மணிக்கு எடுப்பதாக எழுதினேன், துட்டி கேட்டுவிட்டு வந்து குளித்தேன். ஒன்றரை மணிக்கு அவள் மகள் வடிவிடமிருந்து போன்.

"அண்ணாச்சி, வடிவு பேசுதேன். ஆவுடைக்கு உள்ள வர முடியலயாம்."

ஆவுடையப்பன் அவள் தம்பி. எண்ணெய்க் கப்பலில் இயந்திர அறையில் வேலை. அன்று நடுக்கடலில் இருந்தான்.

"என்னம்மா வருதாம்?"

"ஐநூத்தி எட்டுன்னு ஒரு நம்பராம். ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்டுன்னு இங்கிலீசுல போட்டிருக்காம். யாருக்கு லிமிட்டு அண்ணாச்சி? எங்கம்மைக்கா, இவனுக்கா?"

"வீடியோ கால்ல காட்டலாமே."

"காட்டுதோம்னு சொன்னோம். போன்ல பாத்தா அது படம்லாக்கா, நான் பக்கத்துல உக்காரணும்னு அழுதான். கப்பல்ல நெட்டு எப்பவும் கிடையாது. காலைல பத்து நிமிசம் குடுத்து அதுவும் வீணாப் போச்சு. கேப்டன் மறுபடி மூணுலேருந்து மூணரை வரைக்கும் தாறேன்னிருக்காராம். கொள்ளி எங்க சித்தப்பா மவன் வச்சிருவான், அது பிரச்சினையில்ல. இவன் மூணு வருசமா அம்மையப் பாக்கல அண்ணாச்சி."

"மூணு மணிக்குள்ள சரி பண்ணிருதேன்" என்றேன். சொன்னபிறகுதான் எதிரே உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தேன்.

அளவு மீறிவிட்டது என்று தளம் சொன்னால், முதலில் எந்த அளவு என்று பார்க்க வேண்டும். வயிற்றுவலிக்காரனிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பதுபோல. கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்தேன். வேகத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் செலவாகியிருந்தது. நினைவகத்தில் ஒன்பது பங்கு. மூன்றாவது கோடு மட்டும் சிவப்பாக, மேல்விளிம்பு வரை ஏறி, சமதரையாக நின்றது: வாசலுக்குள் இருப்பவர்கள், இருபதுக்கு இருபது. வேலை எதுவும் நடக்கவில்லை. பாரம் எதுவும் இல்லை. இருபது பேர் வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். இருபதாவது ஆள் போன வாரச் சாவுக்கு வந்தவர்.

இருந்தாலும் முகமில்லாதவர்கள்மேல் பழியைப் போட முடியுமா என்று பார்த்தேன். வந்து போனவர்களின் பதிவேட்டைத் திறந்து மாதம் மாதமாகப் பின்னோக்கிப் படித்தேன். அவர்கள் நான் தடுத்த நாளிலிருந்து வரவில்லை. பிறகு ஒண்டுக்குடித்தனக்காரர்கள்மேல் சந்தேகப்பட்டு, இடம் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டேன். ஜெனிலா என்று ஒரு பெண் எடுத்தாள். நாகர்கோவில் பக்கத்துக் குரல்.

"பக்கத்து சைட்டுக்காரங்களால வரல சார். எல்லாம் உங்க ஆளுங்கதான். இருபது பிராசஸும் ஸ்லீப்ல இருக்கு."

"தூங்குறாங்களா?"

"வேலை செய்யாம காத்துட்டிருக்குன்னு அர்த்தம் சார். ஒண்ணு பத்து மாசமா ஓடுது. அடுத்தது எட்டு மாசமா. இவ்வளவு நாள் ஒரு பிராசஸ் ஓடி நான் பாத்ததே இல்ல. உள்ள வந்தவங்க வெளிய போறதே இல்லையா சார்?"

"போறதில்ல."

"மொத்தமா கில் பண்ணிடவா? ஒரு நிமிஷம்."

"வேண்டாம்மா" என்றேன். சத்தம் கூடுதலாக வந்துவிட்டது. "அளவக் கூட்ட முடியுமா?"

"பிளான் மாத்தணும். நாளைக்கு மத்தியானம் ஆயிடும். இல்ல, ஒரே ஒண்ணை மட்டும் எடுத்தா போதும்னா நம்பர் சொல்லுங்க. இந்த எட்டு மாசத்தை எடுத்துரட்டா?"

"கொஞ்சம் பொறும்மா" என்று வைத்துவிட்டேன்.

ஒரே ஓர் ஆள் எழுந்தால் போதும். பத்து மாதத்துக்காரன் இசக்கிராஜா. அவன் இருப்பது அவன் அப்பா ஆறுமுகநயினார் வீட்டில்; செத்துப்போன பெரியப்பாவும் தம்பியோடு அதே வீட்டில்தான் இருந்தார். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். எனக்கு நியாயமாகத்தான் பட்டது, முதலில் வந்தவன் முதலில் போவது. அவர் நடுவில் பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"நெச இசக்கிராஜா ஊருக்கு வந்து அஞ்சு வருசம் ஆச்சுவே. வாரேன் வாரேன்னு சொல்லுதான், வரல. இவன் ஒருத்தன்தான் இருக்கான். எங்கூட உக்காந்து நியூஸ் பாக்கான். அவனத் தூக்கணுமாக்கும்."

"உலகம்மை மவனுக்காகக் கேக்கேன் அண்ணாச்சி. அரை மணி நேரம்தான் டைம்."

"உலகம்மை தங்கமான பொம்பள. நான் இல்லங்கல. உம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்குல்லா? அத ஏன்வே கேக்கமாட்டேங்கீரு?"

அவரே வைத்தார்.

இரண்டேமுக்கால் ஆகியிருந்தது. வேறு பதினெட்டு பேரின் கதைகள் இருந்தன. அந்த வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டு, எல்லாரும் நயினார் கேட்டதையே கேட்பார்கள் என்று தெரிந்தும், அடுத்த எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டுத் தன்னிடம் வருவான் என்று எனக்குத் தெரியவில்லை. பதிவேடு இன்னும் திரையில் திறந்தே இருந்தது. போனைக் காதில் வைத்தபடி அதைச் சும்மா பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. முகமில்லாதவர்கள் வந்தது மட்டுமல்ல, அவர்கள் போனதும் பதிவாகியிருந்தது. ஒவ்வொருவரும் பக்கத்தின் அடியில் இருந்த பொத்தானை ஒழுங்காக அழுத்திவிட்டுப் போயிருந்தார்கள். மனிதர்களில் ஒருவர்கூட, இந்தப் பத்து மாதத்தில் ஒருமுறைகூட, அதை அழுத்தவில்லை.

அழுத்தினால் போயிருப்பார்கள். பொத்தான் சரியாகத்தான் வேலை செய்தது. அப்படியானால் ஏன் அழுத்தவில்லை? கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரே ஓர் ஆள்தான் உண்டு. டப்ளினுக்குப் போன் போட்டேன். அங்கே காலை பத்தேகால். டூட்டியில் இருப்பாள், எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன், எடுக்காவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன். எடுத்தாள்.

"என்னப்பா இந்த நேரத்துல? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. அம்மாவுக்குப் போட்ட பக்கம் இருக்குல்லா, அத மூடிட்டியா?"

அவளுக்குப் பின்னால் ஏதோ வண்டி உருளுவதும் யாரோ இருமுவதும் கேட்டது.

"இல்லப்பா. பழைய டேப்ல அப்படியே கெடக்கு. சார்ஜ் போட்டுப் போட்டு வச்சிருக்கேன்."

"அடில ஒரு பட்டன் இருக்குமே. அத ஏன் அழுத்தல?"

"எப்படிப்பா அழுத்த? 'போய் வருகிறேன்'னு எழுதியிருக்கு."

நான் அந்தப் பக்கத்தைத் திரையில் திறந்து பார்த்தேன்.

"அம்மா கெடக்குற வீட்டுல போயிட்டு வாறேன்னு சொல்லலாமா? சின்னப்பிள்ளைல நான் ஒருக்கா அப்படிச் சொல்லிட்டு வந்ததுக்கு நீங்கதானே தெருன்னு பாக்காம முதுகுல ஒண்ணு வச்சீங்க."

வைத்தேன். நினைவிருக்கிறது. துட்டி வீட்டுக்கு யாரும் வாங்க என்று அழைப்பதில்லை, யாரும் வாறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. எழுந்து, தலையைக் குனிந்து, நடக்க வேண்டியதுதான். சொல்லிவிட்டுப் போனால் இதே மாதிரி ஒரு காரியத்துக்கு இதே வீட்டுக்கு மறுபடி வருவேன் என்று ஆகிவிடும். ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரிந்தது. அந்தப் பொத்தானில் என்ன எழுதுவது என்று நான் இரண்டு நாள் யோசித்திருக்கிறேன். 'வெளியேறு' என்று எழுதினால் வந்தவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதுபோல் இருக்கிறது என்று அடித்தேன். 'விடைபெறு' மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது என்று அடித்தேன். கடைசியில், தன்மையான சொல்லாக இருக்கட்டும் என்று, நம் வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் சொல்கிற சொல்லை எழுதினேன். ஐம்பத்தாறு வயதில், எத்தனையோ துட்டி வீடுகளில் உட்கார்ந்து எழுந்தவன், துட்டி வீட்டின் வாசலில் அதை எழுதிவைத்தேன். முகமில்லாதவர்களுக்கு அந்தப் பயம் கிடையாது. அவர்கள் அழுத்திவிட்டுப் போனார்கள்.

"தப்பா எழுதிட்டேம்மா. மறந்து எழுதிட்டேன்" என்றேன்.

"மறந்தா? நீங்க தெரிஞ்சேதான் போட்டீங்கன்னுல்லா நெனச்சேன்" என்றாள். "யாரும் போகக் கூடாதுன்னு."

அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இன்றைக்கும், யாராவது தலையில் அடித்துக் கேட்டாலும், அப்படி இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

"அங்க இருக்கது உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும். வார்டுல நிக்கும்போது நம்ம வீட்டு ஊதுபத்தி வாசம் வரும். பேஷண்ட் பேரு மறந்துருது. குளிச்சுக்கிட்டே இருக்கேன்ப்பா, ஒரு நாளைக்கு மூணு தடவை, தீட்டு போன மாதிரியே இல்ல. சாப்பிட உக்காந்தா இன்னும் எடுக்கலையே, அதுக்குள்ள சாப்பிடுதோமேன்னு இருக்கும்." பிறகு, சாதாரணமாக, மருந்து பெயர் சொல்வதுபோல்: "ஆனா நீங்க அங்க தனியா இருக்கீங்களே. அதான் பரவாயில்லன்னு விட்டுட்டேன்."

எட்டு மாதமாக என் மகள் துட்டி வீட்டில் இருந்திருக்கிறாள். நான் அவளை வீட்டுக்கு வந்திருக்கும் மகள் என்று நினைத்துக்கொண்டு உப்பைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

"ரெண்டு நிமிசம் லைன்ல இரும்மா" என்றேன். புரோகிராமைத் திறந்து, பொத்தானின்மேல் இருந்த இரண்டு சொற்களையும் அழித்தேன். வேறு சொல் எதையாவது எழுதக் கை போயிற்று. எழுதவில்லை. அப்படியே வெறுமையாக விட்டு, பெரிய கம்ப்யூட்டருக்கு ஏற்றினேன். மணி மூன்று ஐந்து.

"டேப் பக்கத்துல இருக்கா?"

"லாக்கர்ல இருக்கு. எடுத்துட்டேன்."

"இப்பப் பாரு."

"பட்டன்ல ஒண்ணுமே எழுதலையேப்பா."

"அப்படித்தானே கிளம்பணும்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"உலகம்மை வீட்டுக்குப் போவேன். நாலு மணிக்கு எடுக்காங்க" என்றேன்.

எதிரே இருந்தவள் மடியிலிருந்து கைகளை எடுத்தாள். எழுந்தாள். எட்டு மாதம் உட்கார்ந்த உடம்பு என்று தெரியாதபடி லேசாக எழுந்து, உடுப்பை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, அவள் அம்மா கிடந்த இடத்தை மிதிக்காமல் ஒதுங்கி நடந்து, என்னைத் திரும்பிப் பார்க்காமல், வாசல்படி இரண்டும் இறங்கித் தெருவுக்குப் போனாள். துட்டிக்கு வந்தவரை வாசல்வரை போய் வழியனுப்பக் கூடாது. நான் நாற்காலியை விட்டு எழவில்லை. போனில் லைன் எப்போது போயிற்று என்று கவனிக்கவில்லை.

சிவப்புக் கோட்டின் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. ஒன்றிரண்டு நிமிடம் இருந்து, மறுபடி நிரம்பியது. நான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

உலகம்மாள் வீட்டுப் பந்தலில் சங்குக்காரர் ஊதாமல் நின்றுகொண்டிருந்தார். கூடத்தில், தலைமாட்டில், ஆரஞ்சு நிற முழு உடுப்பும் கனமான பூட்சுமாக ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தான். பூட்சைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்ததற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனிடமிருந்து டீசல் வாடை வந்தது. நாற்காலி லேசாக, ஒரே சீராக, இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது. கடல் கொஞ்சம் கொந்தளிப்பாக இருந்திருக்க வேண்டும். யாரோ அவன் முன்னால் டம்ளரை வைத்திருந்தார்கள், அந்தக் காப்பியும் சேர்ந்து ஆடியது. வடிவு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் பூட்சின்மேல் கை வைத்திருந்தாள்.

உட்கார்ந்திருக்கும்போது வந்தவர்கள் யாரும் அசைந்து நாங்கள் பார்த்ததில்லை. மூன்று இருபதுக்கு உலகம்மாளின் கன்னத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. ஆவுடையப்பன் குனிந்து, கிரீஸ் படிந்த கையை அவள் முகத்துக்கு மேல் கொண்டுபோய், மெதுவாக வீசினான். ஈ பறந்தது. கை அங்கேயே நின்றது, மறுபடி வந்தால் விரட்டுவதற்காக. பத்து நிமிடமும் அந்தக் கையை அவன் இறக்கவில்லை. கூடத்தில் அதுவரை அழாதவர்கள் அப்போது அழுதார்கள்.

மூன்றரைக்கு அவன் எழுந்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் அவனை வழியனுப்பவில்லை. ஆடி ஆடி நடந்து தெருமுனை வரை போனதைப் பார்த்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள். நாலு மணிக்கு எடுத்தார்கள்.

"போறப்ப சொல்லாமப் போனான்லா அண்ணாச்சி?" என்று வடிவு கேட்டாள்.

"சொல்லலம்மா."

"அப்ப சரி" என்றாள்.

பொத்தானில் சொல் இல்லை என்பது எப்படியோ எல்லாத் தேசங்களுக்கும் தெரிந்துவிட்டது. அந்த வாரம் முழுவதும் ஒருவர் ஒருவராகக் கிளம்பினார்கள். மஸ்கட் மருமகன் ஒரு மத்தியானம், மாமியார் வயிற்றுவலியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போனான். அவள் ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தியவள், மீதியை யாரிடமும் சொல்லவில்லை. டொரோண்டோக்காரி போன இடத்தில் ஒரு கைப்பிடி தண்ணீர் கிடந்தது. பூனை இரண்டு நாள் வெறும் நாற்காலியின் அடியில் சுற்றியது. பரமசிவம் வண்டியோடு தெருத்தெருவாக வந்து தன் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனார், இப்போது அவை ஒரு விரலில் வந்தன. இசக்கிராஜா வியாழக்கிழமை செய்தி முடிந்ததும் போனானாம். நயினார் அண்ணாச்சி என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். அவரிடம் நான் சொல்லக்கூடியது ஒன்றும் இல்லை, அன்று அவர் கேட்டதும் நியாயம்தான். இப்போது யாருக்காவது துட்டி என்றால் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், உட்காருகிறார்கள், எடுத்ததும் போய்விடுகிறார்கள். ஊர் அதற்கும் பழகிவிட்டது. மங்கை மூன்று வேளையும் சாப்பிடுவதாகச் சொன்னாள், குளியல் ஒன்றாகக் குறைந்துவிட்டதாம், பேஷண்ட் பெயர் மறப்பதில்லையாம். போன வாரம் கூப்பிட மறந்துவிட்டாள். அது நல்ல அடையாளம் என்று எனக்குத் தெரிகிறது.

உலகம்மாளை எடுத்த மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. எங்கள் பிரதிநிதி ஜெனிலாவிடம் நீங்கள் தெரிவித்த பிரச்சினை தீர்ந்ததா என்று கேட்டு, அடியில் இரண்டு பொத்தான் வைத்திருந்தார்கள். ஒன்றில் 'தீர்ந்தது'. மற்றதில் 'தீரவில்லை'. இரண்டில் ஒன்றை அழுத்தினால் அந்தப் பக்கம் மூடிக்கொள்ளும். காலையில் திறந்தேன், வாசித்தேன், அழுத்தலாம் என்று வைத்தேன். அது ஆயிற்று மூன்று மாதம். இன்னும் அழுத்தவில்லை. எங்கோ ஓர் ஊரில், ஏசி போட்ட ஓர் அலுவலகத்தில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு வரிசையாகப் பேசும் பெண்களுக்கு நடுவே, நான் இப்போது இடுப்பில் கட்டியிருக்கும் இதே சாரமும் கைவைத்த பனியனுமாக ஒருவன் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருக்கக்கூடும். ஜெனிலாவின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியாக இருக்கலாம். வந்த முதல் நாள் யார் இது என்று கேட்டிருப்பாள். பிறகு எல்லாரையும்போல அவளும் பழகியிருப்பாள். மத்தியானம் டப்பாவைத் திறக்கும்போது, உப்பு கூடிப்போச்சு என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.